குடும்பப் பின்னணி என்ன?

வேலை தேடும் நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கிறார்கள். கணக்கு உண்டு, பொது அறிவு உண்டு. போன வாரம் இன்டர்வியூவுக்குப் போனவன் வந்தால் "என்னடே ஆச்சு?" என்கிறோம். "கிடைக்கலண்ணே." அதோடு சரி. உள்ளே என்ன கேட்டார்கள், எந்தக் கேள்வியில் அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது? நாம் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. தன் படிப்பில்தான் குறை என்று மறுபடியும் கைடைத் திறக்கிறான்.

மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 முதல் நேர்முகத் தேர்வு இல்லை. தனியாரிடம் அதுதான் வாசல். 2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் வெளியிட்ட ஆய்வில், தகுதி மட்டுமே பார்ப்போம் என்று அடித்துச் சொன்ன கம்பெனி அதிகாரிகள், ஏறக்குறைய எல்லோருமே, குடும்பப் பின்னணியையும் கேட்போம் என்றார்கள். நம்மூரில் இது இன்னும் சுருக்கம். "ஊரு எது? ஊருல எங்கன?" முடிந்தது.

1938 மார்ச் 6, பம்பாய் தாதர், காசர்வாடி. துப்புரவு வேலை திணிக்கப்பட்ட பங்கி மக்களின் கூட்டம். ஒரு வாலிபர் எழுந்து தன் கதையைச் சொன்னார். 1936இல் கேடா மாவட்டம் போர்சத் தாலுகாவில் தலாத்தி வேலை, நம் பழைய பார்வத்தியக்காரர் மாதிரி. குடியிருக்க வீடு தரவில்லை. ஆபீசில் தண்ணீர் குடிக்கத் துருப்பிடித்த ஒரு தனிப்பாத்திரம். உன் அப்பன் கூட்டுகிற ஆபீசில் நீ எங்களுக்குச் சமமாக உட்காருவாயா என்றான் ஊர்த்தலைவன். கடைசியில் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு பம்பாய் வந்து சேர்ந்தார். பரீட்சையில் ஜெயித்தவர் அவர், தோழர்களே! அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் இதைச் சேர்த்தார். சேர்த்ததால் நமக்குத் தெரிகிறது.

குமரி மாவட்டத்துக்கு இது கூடுதலாக வேண்டும. 2011 கணக்கில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பட்டியல் சாதியினரோ நூற்றுக்கு நாலு பேர் அளவே (கிறிஸ்தவரான நம்மவர்கள் 1950 ஆணையால் அந்தக் கணக்கிலேயே இல்லை). எந்த அலுவலகம் போனாலும் தனி ஆள். தனி ஆளுக்கு நடப்பது தன் விதி மாதிரித் தெரியும்.

ஆகவே வினாத்தாளை ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு, ஆளுக்கொரு கதை சொல்லட்டும். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் அதற்காகக் கூடவில்லை. தன்னம்பிக்கை வகுப்புக்காரர் கையிலும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் 'நான் ஜெயித்த கதை' ஆக்கிவிடுவார். நமக்குத் தோற்ற கதைதான் முக்கியம். பெண்கள் பேசும்போது ஆண்கள் புத்திமதி சொல்லாமல் இருக்கணும் (கஷ்டம்தான்). என்றைக்கு, யார் இருந்தார்கள், என்ன வார்த்தை, எல்லாம் நோட்டில் ஏறட்டும். சொன்னவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரி வெளியே போகக்கூடாது. வேலை போய்விடும் என்ற பயம் பொய்யல்ல.

பத்துக் கதை சேர்ந்தால், ஒரே கேள்வி எத்தனை இடத்தில் வருகிறது என்று தெரியும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அடுத்த ஞாயிறு பேசலாம். "எங்கப்பா துப்புரவு வேலை பாக்காரு" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வதா, "இந்த வேலைக்கு அது எதுக்கு சார்?" என்று திருப்பிக் கேட்பதா? திருப்பிக் கேட்டால் வேலை கிடைக்காமல் போகலாம். அடங்கிப் பதில் சொன்ன எத்தனையோ பேருக்கும் கிடைக்கவில்லை.