நிரூபிக்க வேண்டியவர் யார்?

அணுகுண்டு விழுந்து மாண்டவர்களை உலகம் அறியும். குண்டைச் சோதித்தபோது பறந்த தூசியால் நோயுற்றவர்களை எத்தனை பேர் அறிவர்?

அமெரிக்கா 1945 ஜூலை 16-இல் நியூ மெக்சிகோவில் முதல் குண்டைச் சோதித்தது. 1951 முதல் நெவாடா பாலைவனத்தில் சோதனைகள் தொடர்ந்தன. காற்று வீசிய திசையில் வாழ்ந்தவர்களுக்காக 1990-இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அப்போது ஆளுக்கு 50,000 டாலர் என்றிருந்தது. "எங்கள் தூசியால்தான் உனக்குப் புற்றுநோய் வந்தது என்று காட்டு" என அச்சட்டம் கேட்கவில்லை. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட வட்டாரத்தில் வாழ்ந்ததும், பட்டியலிலுள்ள நோய் வந்ததுமே போதும். ஆனால், முதல் குண்டு வெடித்த நியூ மெக்சிகோ மக்களை இச்சட்டம் 2025-இல்தான் சேர்த்துக்கொண்டது. 80 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போயிருப்பர்!

நம் நாட்டிலும் கதிரியக்க வழக்கு உண்டு. பேராக், புக்கிட் மேராவில் 1982-இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து, 1985-இல் மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. 1994-இல் ஆலை மூடப்பட்டது. சாதாரண மக்கள் சுமந்த வழக்குச் சுமையை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் மெர்போக் வட்டாரத் தோட்டங்களுக்கு வருவோம். இங்கே கதிரியக்கம் இல்லை. களைக்கொல்லி மருந்து உண்டு. பாராகுவாட் 2002-இல் தடை செய்யப்பட்டு, 2006-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடையானது. அதுவரை பம்பை முதுகில் சுமந்து மருந்தடித்த நம் பெண்களுக்கு என்ன பதில்? நகம் பெயர்ந்ததையும் மூக்கில் இரத்தம் வழிந்ததையும் அவர்களே நிரூபிக்க வேண்டுமா?

உண்மையில் பாதிக்கப்படாத சிலரும் பணம் பெறுவார்களே என்பர் சிலர். பெறட்டும். அந்தச் சிலருக்கு அஞ்சி, பாதிக்கப்பட்ட அனைவரையும் வெறுங்கையோடு அனுப்புவதா நியாயம்? மருந்தடித்த ஆண்டுகளையும் வந்த நோயையும் மட்டும் கேட்கும் சட்டம் நமக்கும் வேண்டும்.

அப்படியொரு சட்டம் வந்தாலும் சான்று வேண்டுமே! தோட்டம் துண்டாடப்பட்டால் செக்ரோலும் போய்விடும். எனவே மாணவர்களே, விடுமுறையில் வீடு திரும்பும்போது பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டு, சேமநிதிப் புத்தகம், கிளினிக் அட்டை எதையும் எறிய விடாதீர்கள். நாளைய நீதிக்கு அவையே சாட்சி.