பூஜ்யம் வந்ததா என்று பார்க்காதவர்கள்

பெர்ல் ஸ்கிரிப்ட் எழுதுகிற பலருக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. கட்டளை கொடுத்தால் வேலை நடந்துவிடும்! 'சிஸ்டம்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளையைப் போட்டு, அரைப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கட்டளை ஓடியதா, பாதியில் விழுந்ததா, அப்படி ஒரு கட்டளை அந்தக் கணினியில் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. கேட்டால், "நேத்து ஓடிச்சே" என்பார்கள். நேற்று ஓடியது இன்றைக்குச் சாட்சி ஆகாது.

இது ஏதோ அழகியல் பிரச்சினை இல்லை. சாதாரண பேக்கப் ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்வோம். முதல் வரி, கோப்புகளை 'டார்' கட்டி வேறு டிஸ்க்கில் வை. இரண்டாம் வரி, பழைய கோப்புகளை அழி. டிஸ்க் நிரம்பி முதல் வரி தோற்றுப்போனால்? இரண்டாம் வரிக்கு அது தெரியாது. அது தன் கடமையைக் கச்சிதமாகச் செய்யும். பேக்கப்பும் இல்லை, மூலமும் இல்லை. நாலு மாத ப்ராஜெக்ட் போயே போச்சு.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று நகரத்தார் கடை நடத்திய காலத்தில் முதலாளி இருப்பது காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ. கடல் தாண்டிக் கடையை நடத்துகிறவர் மேலாள்; பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் போனவர். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். அங்கே நடப்பதை முதலாளி கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் பேரேடு, ஐந்தொகை, ஊருக்கு வந்துசேர வேண்டிய கணக்கு. கணக்கு வராத மாதத்தை 'லாபம்' என்று எழுதிக்கொள்கிற முதலாளி எத்தனை நாள் முதலாளியாக இருப்பார்?

'சிஸ்டம்' என்பதும் அதே ஏற்பாடுதான். வேலை நடப்பது வேறொரு ப்ராஸஸில். பெர்லுக்குத் திரும்பி வருவது ஓர் எண் மட்டுமே. அது $? என்ற மாறியில் உட்கார்ந்திருக்கும். பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எது வந்தாலும் விசாரிக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்க்காமல் போவது, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் பரணில் போடுவது.

"நாங்க பார்க்கிறோமே" என்கிறவர்களிலும் பாதிப் பேர் தப்பாகப் பார்க்கிறார்கள். வழக்கமான கோளாறுகள் மூன்று.

ஒன்று: கோப்பு திறக்கும்போது 'ஆர் டை' போட்டுப் பழகிய கை, 'சிஸ்டம்' பின்னாலும் அதையே போடும். வெற்றி என்றால் 'சிஸ்டம்' திருப்பித் தருவது 0. பெர்லில் 0 என்றால் பொய். ஆக, கட்டளை வென்றால் ஸ்கிரிப்ட் சாகும், தோற்றால் தொடர்ந்து ஓடும்!

இரண்டு: வெளியேறும் எண் $? >> 8 என்பதில் இருக்கிறது என்று படித்துவிட்டு அதை மட்டும் பார்ப்பது. நினைவகம் போதாமல் கெர்னல் அந்த ப்ராஸஸை சிக்னல் 9 கொடுத்துக் கொன்றால் $? மதிப்பு 9. எட்டு பிட் தள்ளினால் 0. கொலையான ப்ராஸஸுக்கு 'நலம்' என்று சான்றிதழ்! முதலில் $? முழுவதும் பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். -1 என்றால் கட்டளையைத் தொடங்கவே முடியவில்லை, காரணம் $! மாறியில். பிட் தள்ளுவதெல்லாம் அதற்குப் பிறகு.

மூன்று: $? மதிப்பை அப்படியே 'எக்ஸிட்' செய்வது. கட்டளை 1 என்று தோற்றால் $? 256 ஆகும். வெளியேறும் எண்ணுக்கு எட்டு பிட்தான் இடம், 256 அங்கே 0 ஆகிவிடும். தோல்வி கைமாறும்போது வெற்றியாகிவிடுகிறது.

இதோடு பைப் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டேட்டாபேஸ் டம்ப்பை 'ஜிஸிப்' கட்டளைக்குள் திருப்பிவிட்டால், ஷெல் சாதாரணமாகச் சொல்வது கடைசிக் கட்டளையின் எண்ணை மட்டும். டம்ப் செத்தாலும் ஜிஸிப் ஒரு காலிக் கோப்பை ஒழுங்காகச் சுருக்கி 0 தரும்.

"ஸ்க்ரீன்ல எரர் வருமே" என்று ஒரு வாதம். இரவு இரண்டு மணிக்கு க்ரானில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு ஸ்க்ரீன் ஏது? கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அதைச் சேமிக்கும் இடம் காலி. போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸுக்கு 9.2 டம்ப் கட்டளை ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொன்ன மின்னஞ்சல்களோ, பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டுவிட்டன. தற்செயலாக முன்பே எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியும், சுமார் ஆறு மணி நேரத் தகவல் திரும்பவில்லை. அது பெர்ல் இல்லைதான். ஆனால் வியாதி அதே வியாதி: தோல்வி நடந்தது, கேட்க ஆள் இல்லை.

"பூஜ்யம் இல்லாட்டியும் சில சமயம் தப்பில்லையே" என்பது நியாயமான கேள்வி. உண்மை. 'க்ரெப்' எதுவும் கிடைக்கவில்லை என்றால் 1 தரும், கோளாறு என்றால் 2. 'டிஃப்' வித்தியாசம் இருந்தாலே 1 தரும். ஆனால் இது எண்ணைப் படிக்கச் சொல்கிற வாதம், பார்க்காமல் விடச் சொல்கிற வாதம் இல்லை.

"அத்தனை வரி யார் எழுதுறது?" என்பது சோம்பேறித்தனம். 2009இல் வந்த பெர்ல் 5.10.1 முதல் 'ஆட்டோடை' கூடவே வருகிறது. சிபேனிலிருந்து 'ஐபிசி சிஸ்டம் சிம்பிள்' மாட்யூலையும் நிறுவி, ஆட்டோடையை 'ஆல்' என்று அழைத்தால், தோற்ற 'சிஸ்டம்' தானே காரணம் சொல்லி நிற்கும். பேக்டிக்கை மட்டும் அது கவனிக்காது, அதற்கு அதே மாட்யூலின் 'கேப்சர்' இருக்கிறது. மொத்தம் ஒரு வரிச் செலவு!

ஆய்வகங்களில் ரெக்கார்ட் நோட்டில் அவுட்புட் சரியாக வந்தால் மதிப்பெண் கொடுத்துவிடுகிறார்கள். இனிமேல் இன்னொன்றும் செய்து பார்க்கட்டும். ஸ்கிரிப்ட் அழைக்கும் கட்டளையின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டட்டும். அப்போதும் "வெற்றிகரமாக முடிந்தது" என்று அச்சடிக்கிற ஸ்கிரிப்டுக்குப் பூஜ்யம் போடுவதுதான் நியாயம்.