வாசலில் கசியும் வால்வும் வீட்டாரின் பொறுப்பும்

உளூச் செய்யும்போது தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். பள்ளிவாசல் ஹவுலருகே குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவரைப் பெரியவர்கள் கண்டிக்கிறார்கள். இவை போற்றத்தக்க வழக்கங்கள். எனினும், அதே பெரியவர்களின் வீட்டு வாசலில், மீட்டர் குழிக்குள், மெயின் வால்வு ஒன்று மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருப்பதைப் பல தெருக்களில் காணலாம். வீட்டுக்குள் வரும் தண்ணீர் முழுவதையும் திறக்கவும் நிறுத்தவும் அமைந்த வால்வு அது. அதன் கசிவை யாரும் தம் கவலையாகக் கொள்வதில்லை. உளூவில் நாம் பேணும் சிக்கனம் வாசற்குழி வரை செல்ல வேண்டும் என்பதும், அந்த வால்வைப் பற்றிய அறிவு வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும் என்பதுமே இங்கு நாம் முன்வைக்கும் கருத்து.

'சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். இதை அளந்து பார்ப்பது எளிது. கசியும் இடத்தின் அடியில் ஒரு குவளையைப் பத்து நிமிடம் வைத்தால் போதும். குவளையில் 100 மில்லி லிட்டர் சேர்ந்தால், ஒரு மணி நேரத்தில் 600 மில்லி லிட்டர். தண்ணீர் நாள் முழுவதும் நிற்கும் குழாயானால் ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், முப்பது நாட்களில் 432 லிட்டர்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் உளூச் செய்ததாகவும், ஒரு 'ஸாவு' முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்ததாகவும் புகாரியில் பதிவாகியுள்ளது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்குச் சற்று முன்பின்னாக அமையும். அப்படியானால், மேற்சொன்ன வால்வு ஒரே நாளில் சிந்துவது ஏறக்குறைய இருபது உளூவுக்கான தண்ணீர். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஐவேளைத் தொழுகைக்கும் தனித்தனியே உளூச் செய்தாலும் அது போதும். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்பவரும் விரயம் செய்யக் கூடாது என்னும் கருத்துடைய அறிவிப்பு ஒன்று இப்னு மாஜாவில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று அறிஞர்கள் கூறினாலும், வீண்விரயத்தைத் திருக்குர்ஆன் பொதுவாகவே தடுத்திருப்பதால் அதன் கருத்தில் ஐயத்துக்கு இடமில்லை.

'போகும் தண்ணீர் மண்ணுக்குள்தானே இறங்குகிறது, அது எப்படி வீணாகும்?' என்று கேட்பவரும் உண்டு. கிணற்று நீரும் மழைநீரும் மண்ணுக்குத் திரும்புவதற்கு அந்த வாதம் பொருந்தலாம். குழாயில் வரும் தண்ணீர் அப்படிப்பட்டதன்று. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுக்குக் குடிநீர் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே வருகிறது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டுபோயின. அவ்வாண்டு ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் சென்னை வந்தது. குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்த அந்நாட்களை நகரத்தார் மறந்திருக்க முடியாது. சுத்திகரித்து, மின்சாரம் செலவிட்டு, நெடுந்தொலைவு கடந்து வரும் நீரை வாசலில் விட்டுவிடுவதை மண்ணுக்குச் செய்யும் தர்மமாகக் கருத இயலாது.

கசிவில் விரயத்தைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. நம் ஊர்களில் குழாய்த் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. சில மணி நேரம் வந்து நின்றுவிடும். வரும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் வெளியே சொட்டுகிறது. நின்றபின் அழுத்தம் குறையும்போது, வெளியே தேங்கியிருப்பது அதே ஓட்டை வழியாக உள்ளே இழுக்கப்படலாம். வால்வு இருக்கும் குழியில் சாக்கடை நீரோ மழைநீரோ நிரம்பி வால்வை மூழ்கடித்திருந்தால், மறுநாள் குடிக்கும் தண்ணீரோடும் உளூச் செய்யும் தண்ணீரோடும் அதுவும் சேர்ந்து வரும். சுத்தத்தை ஈமானோடு இணைத்துப் பேசும் ஒரு சமூகம் இந்தக் குழியைக் கவனியாமல் விடுவது தகாது. வால்வைப் பழுதுபார்க்கும்போதே குழியைத் துப்புரவு செய்து, தண்ணீர் தேங்காதபடி சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது, பிறர் உரிமை. இரு வீடுகள் பொதுச் சுவரைப் பகிரும் நம் பழைய தெருக்களில், ஒரு வீட்டு வாசலில் ஊறும் ஈரம் அடுத்த வீட்டுச் சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்பு உதிர்கிறது, தரை இறங்குகிறது. அடுக்குமாடிகளிலோ, கீழ்வீட்டார் 'மேல்வீட்டுக் குழாய்' என்பர். மேல்வீட்டார் 'பொது வால்வு' என்பர். வாடகைக்கு இருப்பவர் 'சொந்தக்காரர் பார்க்கட்டும்' என்பார். இதற்கிடையே கசிவு தொடர்கிறது. செலவை யார் ஏற்பது என்பது பேசித் தீர்க்க வேண்டியதே. ஆயினும் அந்தப் பேச்சு முடியும் வரை கசிவை அப்படியே விடுவதற்கு நியாயமில்லை. முதலில் நிறுத்துவோம், பிறகு கணக்குப் பார்ப்போம் என்பதே அண்டைவீட்டார் உரிமையை அறிந்தவர் கொள்ளும் முறை. வாடகைதாரர் கண்டவுடன் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டும். மீட்டருக்கு அப்பால், தெருப்பக்கக் குழாயில் கசிவு இருந்தால், அதை நாமே தோண்டக் கூடாது. நகராட்சிக்கோ குடிநீர் வாரியத்துக்கோ முறையாகப் புகார் அளித்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, வீட்டளவில் செய்யக்கூடியதைப் பார்ப்போம். வால்வை ஒரு துணியால் நன்கு துடைத்துவிட்டு, ஈரம் முதலில் எங்கே தோன்றுகிறது என்று கவனிக்க வேண்டும். சக்கரம் போன்ற கைப்பிடியுடைய கேட் வால்வானால், பெரும்பாலும் கைப்பிடித் தண்டின் அடியிலிருந்துதான் நீர் கசியும். அத்தண்டைச் சுற்றித் திரி போன்ற அடைப்பு ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடப்பட்ட வால்வில் அது காய்ந்துபோகிறது. ஒருநாள் திடீரென்று திருகும்போது கசியத் தொடங்குகிறது. அந்த அடைப்பை அழுத்திப் பிடித்திருக்கும் நட்டை ஸ்பேனரால் கால் சுற்றுக்கு மிகாமல் மெல்ல இறுக்கினால், பல நேரங்களில் கசிவு நின்றுவிடும். நிற்காவிட்டால் அடைப்பை மாற்ற வேண்டும். நீர் குழாயின் மரை இணைப்பில் கசிந்தால், இணைப்பைக் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றி மீண்டும் பூட்ட வேண்டியிருக்கும். வால்வின் உடலே விரிசல் விட்டிருந்தால் மாற்றுவதே வழி. மேலே பசை பூசுவது சில நாட்களுக்கு மட்டுமே தாங்கும்.

கழற்றும் வேலைகளைப் பிளம்பரிடம் ஒப்படைப்பதே நல்லது. தெருக் குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் அவரை வரச் சொன்னால் வேலை எளிதாகும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வானால், தொட்டியை முன்கூட்டியே காலி செய்துவைக்க வேண்டும். துருப்பிடித்து இறுகிய பழைய வால்வைப் பெரிய ரிஞ்சு போட்டு யாரும் வலிந்து திருக வேண்டாம். தண்டு முறிந்தால், சொட்டாக இருந்தது வெள்ளமாகிவிடும். புதிதாக மாற்றும்போது, கால் சுற்றில் திறந்து மூடும் பால் வால்வு நன்று. கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்று பார்த்தவுடன் விளங்கும். எவ்வகை வால்வானாலும் ஆண்டுக்கு இருமுறை மூடித் திறந்து வைத்தால் இறுகாது. ரமளானுக்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்யும் வேளையில் ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பு மற்றொருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இந்த அறிவு வீட்டில் யாரிடம் இருக்கிறது என்பது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நம் குடும்பங்கள் பலவற்றில் ஆண்கள் வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ பணிபுரிகிறார்கள். வீட்டைக் காப்பவர்கள் பெண்களும் முதியவர்களும். நள்ளிரவில் குளியலறைக் குழாய் உடைந்தால், கடல் கடந்து இருப்பவரை அலைபேசியில் அழைத்து 'வால்வு எங்கே இருக்கிறது?' என்று கேட்கும் நிலையில் நம் தாய்மாரையும் சகோதரிகளையும் வைத்திருப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. விடுமுறையில் ஊர் வரும் ஒவ்வொருவரும் திரும்பிச் செல்வதற்கு முன், வீட்டாரை வால்வருகே அழைத்துச் சென்று, அவர்கள் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் செய்ய வேண்டும். எந்த வால்வு தெருத் தண்ணீருக்கு, எது தொட்டிக்கு என்று ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிட வேண்டும். நம்பகமான பிளம்பரின் எண்ணை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். உம்ராவுக்கோ உறவினர் திருமணத்துக்கோ வீட்டைப் பூட்டிச் செல்லும்போது மெயின் வால்வை மூடுவதும் பழக்கமாக வேண்டும். பத்து வயதுப் பிள்ளையும் அதைச் செய்யலாம்.

ஜமாஅத்துகள் இதில் செய்யக்கூடியதும் உண்டு. தனித்து வாழும் முதியோரும் கணவரை இழந்த பெண்களும் பிளம்பரை அழைக்கவே தயங்குகிறார்கள். எவ்வளவு கேட்பாரோ, அந்நியரை எப்படி வீட்டுக்குள் விடுவது என்ற அச்சமே காரணம். மஹல்லா இளைஞர்களில் தொழில் தெரிந்தவர் ஒருவரும் துணைக்கு ஒருவருமாக ஆண்டுக்கு ஒருமுறை அந்த வீடுகளுக்குச் சென்று வால்வுகளைப் பார்த்து வரலாம். பொருள்களுக்கான செலவைப் பைத்துல்மாலிலிருந்து ஏற்கலாம். பள்ளிவாசலின் சொந்தக் குழாய்களிலிருந்தே இதைத் தொடங்குவது பொருத்தம். வேலை செய்பவரின் கூலியில் பேரம் பேசி இழுத்தடிக்காமல், வேலை முடிந்தவுடன் கொடுப்பதும் நபிவழியே.

தண்ணீர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பற்றி மறுமையில் கேட்கப்படும்போது, குழாயடியில் எவ்வளவு எடுத்தோம் என்பதோடு வாசலில் எவ்வளவு சிந்தவிட்டோம் என்பதும் கணக்கில் வரும். இன்று அஸர் தொழுகைக்குப் பின் ஒவ்வொருவரும் தம் வீட்டு மீட்டர் குழியின் மூடியைத் திறந்து பார்த்தால், அந்தக் கணக்கில் ஒரு வரியேனும் குறையும், இன்ஷா அல்லாஹ்.