கூமுட்டை யாரு? கோழியா, நாமளா?

மக்களே, சினிமா விமர்சனமோ மொக்கையோ எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும். இன்னிக்கு மேட்டர் அடைக்கோழி. சிரிக்காதீங்க, கொஞ்சம் கடுப்போடதான் எழுதறேன்.

மொட்டைமாடியிலயும் கொல்லையிலயும் நாலு நாட்டுக்கோழி வளர்க்கிற ஆசை, நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்களுக்கும் வந்தாச்சு. நல்ல விஷயம். ஆனா கோழி அடைக்குப் படுத்த உடனே ரெண்டு கட்சியா பிரிஞ்சுடறாங்க. ஒண்ணு, "இயற்கைக்குத் தெரியாததா, அது பாட்டுக்கு உட்காரட்டும்" கட்சி. இன்னொண்ணு, "தண்ணியில முக்கு, மூக்குல இறகைக் குத்து" கட்சி. ரெண்டுமே தப்பு. பொரியாத முட்டை மேல கோழி உட்கார்ந்திருந்தா அது கோழியோட முட்டாள்தனம் இல்ல. கணக்கு வச்சுக்காத நம்ம சோம்பேறித்தனம்.

முதல்ல இயற்கை கட்சி. ஐயா, சேவலே இல்லாத வீட்டுல கோழியை அடை வச்சது இயற்கையா? கடையில வாங்கின முட்டையை கோழிக்கு அடியில வச்சுட்டு குஞ்சு வரும்னு காத்திருக்கிறது இயற்கையா? நாமக்கல் பக்கத்துப் பண்ணைகள்ல முட்டைக்கோழிகளோட சேவலே விடமாட்டாங்க. அந்த முட்டை மேல 21 நாள் இல்ல, 21 வருஷம் உட்கார்ந்தாலும் ஒண்ணும் வராது. காட்டுல கோழி தானே இடம் பார்த்து, தானே முட்டையிட்டு உட்காருது. நம்ம வீட்டுல முட்டையை எடுக்கிறதும் நாம, வைக்கிறதும் நாம. நடுவுல பூந்து எல்லாத்தையும் மாத்திட்டு கடைசியில பழியை மட்டும் இயற்கை தலையில போட்டா எப்படி?

21 நாள் முடிஞ்சா கோழி தானா எந்திரிச்சிடும்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். கோழிகிட்ட காலண்டர் கிடையாது. முட்டைக்குள்ள இருந்து வர்ற குஞ்சோட சத்தம், வெளிய வந்ததும் வயித்துக்கடியில அது அசையறது, இதெல்லாம் சேர்ந்துதான் அதை அடைகாக்கிற நிலையிலிருந்து குஞ்சு வளர்க்கிற நிலைக்கு மாத்துது. குஞ்சு வரலைன்னா அந்த சிக்னலும் வராது. நம்ம பாஷையில சொன்னா, லூப் ஓடுது, எக்ஸிட் கண்டிஷன் இல்ல.

அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் எந்திரிக்கும். அவசர அவசரமா ரெண்டு வாய் தின்னுட்டு, தண்ணி குடிச்சுட்டு, திரும்ப ஓடிடும். 21 நாளுக்கு உடம்பு தாங்கும். எங்க தெருவுல ஒரு வீட்டுல 40 நாளுக்கு மேல உட்கார்ந்த கோழி ஒண்ணு, பேன் மொய்ச்சு, நெஞ்செலும்பு துருத்திக்கிட்டு, கூடையிலேயே செத்துப்போச்சு. வீட்டுக்காரர் சொன்ன காரணம், "இடி இடிச்சுதுல்ல, முட்டை கெட்டுருச்சு". கூடையில கரித்துண்டும் ஆணியும் போட்டு வச்சவருக்கு ஒரு தடவை முட்டையைத் தூக்கிப் பார்க்கத் தோணலை.

அடுத்து, தண்ணிக் கட்சி. ஆஸ்கர் ரிடில் குழுவினர் 1935-லயே காட்டிட்டாங்க, கோழியை அடைக்கு உட்கார வைக்கிறது புரோலாக்டின்ங்கிற ஹார்மோன்னு. அதாவது கோழி அடம் பிடிக்கலை, உடம்பு சொல்றதைக் கேட்குது. அதுக்குப் போய் மூக்கைக் குத்தினா? கூடும் முட்டையும் வயித்துல படறவரைக்கும் அந்த ஹார்மோன் குறையாது. கூட்டை எடுத்துட்டா குறையும். அடையைத் தெளியவைக்க அது போதும். சித்ரவதை எதுக்கு?

சரி, திட்டினது போதும். செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள்:

1. சேவலோட இருக்கிற கோழி இட்ட முட்டையை மட்டும் வைங்க. ஒரு வாரத்துக்குள்ள இட்டதா இருக்கணும். நம்ம ஊர் வெயில்ல வெளியில கிடந்த முட்டைக்குள்ள கரு அரைகுறையா வளர ஆரம்பிச்சு செத்துடும்.

2. வைக்கிற அன்னிக்கே எல்லா முட்டையிலயும் பென்சில்ல தேதி போடுங்க. மத்த கோழிங்க அதே கூடையில வந்து முட்டை போடும். குறியில்லாத முட்டையை தினமும் எடுத்துடுங்க.

3. ஏழாவது நாள் ராத்திரி, இருட்டுல செல்போன் டார்ச்சை முட்டையோட அகலமான பக்கத்துல வச்சுப் பாருங்க. சிலந்தி மாதிரி ரத்தநாளம் ஓடினா கரு இருக்கு. பளிச்சுனு தெளிவா இருந்தா கரு இல்ல. ரத்த வளையம் மட்டும் தெரிஞ்சா செத்துப்போச்சு. தேறாததை எடுத்துடுங்க. அழுகின முட்டை கூடைக்குள்ள வெடிச்சா மத்ததும் நாசம்.

4. பதினாலாவது நாள் இன்னொரு தடவை பாருங்க.

5. 23, 24 நாளாகியும் ஒண்ணும் பொரியலைன்னா நிறுத்திடுங்க. ஒரு நாள் வயசுக் குஞ்சு கிடைச்சா ராத்திரியில கோழிக்கு அடியில வச்சுப் பாருங்க, பெரும்பாலும் ஏத்துக்கும். கிடைக்கலைன்னா, அடியில காத்து போற மாதிரி தூக்கி வச்ச கம்பிவலைக் கூண்டுல, வைக்கோல் எதுவும் இல்லாம, தீனியும் தண்ணியும் வச்சு நாலஞ்சு நாள் விடுங்க. தெளிஞ்சுடும்.

"ஒரு கோழிக்கு இவ்ளோ அலப்பறையா?"னு கேட்பீங்க. எங்க அப்பத்தாவுக்கு புரோலாக்டின் தெரியாது. ஆனா அரிக்கேன் விளக்கு முன்னாடி ஒவ்வொரு முட்டையா கைக்குள்ள பொத்திப் பிடிச்சுப் பார்த்து, ஆகாததை ஒதுக்கிடும். ஏன்னா அதுக்கு கோழி பொழுதுபோக்கு இல்ல, கைச்செலவுக் காசு. நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு பத்து பதினஞ்சு முட்டைதான் போடும், வருஷத்துக்கு மூணு நாலு ஈடு. அதுல ஒரு மாசம் வீணாப்போறது சின்ன நஷ்டம் இல்ல. சம்பளம் வாங்குற நமக்கு அந்த நஷ்டம் உறைக்காது, அதனாலதான் இந்த அலட்சியம். நமக்கு உறைக்கலைன்னாலும் பட்டினி கிடக்கிற கோழிக்கு உறைக்குமே!

பையில டார்ச்சோட போன் வச்சிருக்கோம். ஏழாம் நாள்னு ஒரு ரிமைண்டர் போட அரை நிமிஷம் ஆகுமா? அதைக்கூட செய்ய மாட்டோம்னா, கூமுட்டை கூடைக்குள்ள இல்லீங்க, வெளியில நிக்குது.

டிஸ்கி: வாத்து முட்டைக்கு 28 நாள். அதையும் 21-ஆம் நாளே தூக்கிப் போட்டுட்டு என்னைத் திட்ட வராதீங்க. :)