மாற்றுவதா, விட்டுவைப்பதா?



நெஞ்சுக்குள் வைத்த கருவியில் குறை இருக்கலாம் என்று தெரியவந்தால், "உடனே எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்றுதான் யாருக்கும் வாயில் வரும். இதய நோயாளி இருக்கும் வீடுகள் பலவற்றில் இந்த இதழ் படிக்கப்படுகிறது. அதனால் அந்த அவசரத்தைப் பற்றி இந்த மாதம் பேச நினைக்கிறேன்.

2005 மார்ச்சில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சைக்கிள் ஓட்டப் போயிருந்த 21 வயது மாணவர் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார். இதயத் தசை தடித்துப்போகும் நோய்க்காக அவருக்கு ஐசிடி பொருத்தியிருந்தார்கள். துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தபடியே ஷாக் கொடுத்துச் சீராக்கும் கருவி அது. உயிர் காக்க வேண்டிய அந்த நொடியில் அதற்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டது.

கருவியைச் செய்தது கைடன்ட் நிறுவனம். அந்த மாடலின் குறை அவர்களுக்கு 2002-லேயே தெரியும்; புதிதாகச் செய்தவற்றில் சரிசெய்தும் விட்டார்கள். டாக்டர்களிடம் மட்டும் மூச்சு விடவில்லை. மினியாபொலிஸ் நகர டாக்டர்கள் பேரி மாரனும் ராபர்ட் ஹவுசரும் நேரில் கேட்டும் பயனில்லை. மே மாதம் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்த பிறகே விஷயம் வெளியே தெரிந்தது. எந்த இயந்திரமும் பழுதாகலாம், அதை ஏற்றுக்கொள்கிறேன். தெரிந்தே வாய்மூடி இருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, நாம் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி. அந்தச் சமயத்தில் வெவ்வேறு ஐசிடி மாடல்களுக்கு அடுத்தடுத்து எச்சரிக்கைகள் வந்தன. கனடாவில் 17 மருத்துவமனைகளில் அப்படி எச்சரிக்கப்பட்ட கருவிகளோடு இருந்த 2,915 பேரைப் பற்றிய ஆய்வு 2006-இல் வெளியானது. அவர்களில் 533 பேர் முன்னெச்சரிக்கையாகக் கருவியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் 31 பேருக்கு மறுபடி ஆபரேஷன் செய்யும் அளவுக்குச் சிக்கல். இருவர் இறந்தேபோனார்கள். எச்சரிக்கையில் சொன்ன கோளாறு உண்மையில் தென்பட்டதோ மூன்றே பேரிடம். அவர்களுக்கும் அதனால் தீங்கு ஏதும் நேரவில்லை.

மாற்றுவது பார்வைக்குச் சின்ன வேலைதான். பழைய தழும்பின் மேலேயே கீறி, கருவியைச் சுற்றி வளர்ந்திருக்கும் நார் போன்ற உறையைத் திறந்து, சிறு திருகாணிகளைத் தளர்த்தி, ஒயர்களை உருவிப் புதுக் கருவியில் மாட்டி, சோதித்துவிட்டுத் தைக்கிறார்கள். ஆனால் அந்த உறைக்குள் ரத்த ஓட்டம் குறைவு, கிருமி புகுந்தால் உடம்பு எளிதில் விரட்டாது. முதன்முறை பொருத்தும்போது இருப்பதைவிட மாற்றும்போது தொற்று அபாயம் கூடுதல். தொற்று வந்துவிட்டால் கருவியோடு சேர்த்து, ரத்தக்குழாயில் வருடக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும் ஒயர்களையும் பிரித்தெடுக்க வேண்டும். கனடாவில் இறந்த இருவருக்கும் நடந்தது அதுதான்.

அதற்காக எல்லோரும் சும்மா இருந்துவிடலாம் என்றும் சொல்லமாட்டேன். கருவி நின்றால் இதயமும் நின்றுவிடும் நிலையில் இருப்பவர், ஏற்கெனவே ஷாக்கால் பிழைத்தவர், பேட்டரி தீரும் தறுவாயில் இருப்பவர் ஆகியோரின் கணக்கு வேறு. "மாற்றாமல் விட்டால் என்ன ஆபத்து, மாற்றினால் என்ன ஆபத்து, இந்த ஆஸ்பத்திரியில் தொற்று எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?" என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் உடம்பு, கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

எச்சரிக்கையே வராவிட்டாலும் பேட்டரி தீரும்போது இதே கேள்வி வரும். பெரும்பாலும் மாற்ற வேண்டிய கட்டத்தைக் கருவி சில மாதங்களுக்கு முன்பே காட்டிவிடும். யோசிக்க அவகாசம் உண்டு. இதயம் நன்றாகத் தேறி, இதுவரை ஒரு ஷாக்கும் தேவைப்படாதவருக்குப் புது ஐசிடி வேண்டுமா என்பதையும் அப்போது பேசலாம். தீராத நோயில் படுத்திருக்கும் பெரியவர் "எனக்கு இனி ஷாக் வேண்டாம்" என்றால், கத்தி படாமல், வலியில்லாமல், வெளியிலிருந்தே அதை நிறுத்த முடியும். அப்படிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு என்று அமெரிக்காவின் இதயத்துடிப்பு மருத்துவர் சங்கம் 2010-லேயே தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அபசகுனமாகப் பேசாதீர்கள்" என்று தடுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்