ஓசிக் காபியும் ஒன்பதாயிரம் ரூபாய் பில்லும்

புனேயில் நம்ம ஆளுங்க நாலு பேர் சேர்ந்தால் பேச்சு மூணு விஷயத்துல வந்து நிற்கும். சின்ன வெங்காயம் எங்கே நல்லா கிடைக்குது, தீபாவளிக்கு டிரெயின் டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா, கார் சர்வீஸ் சென்டர்ல இந்தத் தடவை எவ்வளவு தீட்டினாங்க. முதல் ரெண்டுக்கும் ஆளாளுக்கு வழி சொல்லுவாங்க. மூணாவதுக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே பதில்: "என்ன சார் பண்றது, நமக்கு இந்தியும் சரியா வராது, வண்டியைப் பத்தியும் தெரியாது."

எனக்கு வர்ற கோபத்துல பாதி சர்வீஸ் சென்டர் மேல. மீதிப் பாதி இந்த பதில் மேல.

மக்களே, இதுக்கும் மொழிக்கும் சம்பந்தமே கிடையாது. என் பக்கத்து ஃபிளாட்காரர் அக்மார்க் மராத்திக்காரர். அவர் பில்லிலும் அதே 'இன்ஜின் டிரெஸ்ஸிங்' இருந்தது. சென்னையில இருக்கிற என் மச்சானுக்கு நல்ல தமிழ்லயே ஆப்பு வெச்சாங்க. படிக்காம ஒரு கையெழுத்து போட்டால் போதும், எந்த மொழிக்காரனுக்கும் இந்த பில் வரும்.

ஊர்ல ஆயில் மாத்தணும்னா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மெக்கானிக் அண்ணன் இருப்பார். நம்ம அப்பாவைத் தெரியும். வேலையில தப்பு பண்ணினால் மறுநாள் டீக்கடையில முகத்துல முழிக்கணும். அந்தக் கூச்சம்தான் நமக்கு இருந்த கியாரண்டி. இங்கே நடுவுல ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் ஏசி, டிவி, ஓசிக் காபி. அந்தப் பக்கம் நம்ம வண்டி. தெரிஞ்ச முகம் இல்லாத ஊர்ல நமக்கு மிச்சம் இருக்கிற ஒரே பிடி, ஜாப் கார்டுங்கிற காகிதம். அதையும் படிக்காம நீட்டின இடத்துல கையெழுத்து போட்டுட்டு, லேப்டாப்பைத் திறந்து ஆணி பிடுங்க உட்கார்ந்துடுறோம்.

நம்மகிட்ட பேசுற அட்வைசர் வண்டியில கை வைக்கிறவர் இல்லை. பல இடங்கள்ல அவருக்கு மாச டார்கெட் உண்டு. இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங்னு ஒரு மெனு கார்டே வெச்சிருப்பார். டிரெஸ்ஸிங்னா என்னன்னு தெரியுமா? பானெட்டுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக், ரப்பர் மேல பளபளப்புக்காக அடிக்கிற ஒரு பூச்சு. வண்டி ஓடுறதுக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

எது தேவை, எது தண்டம்னு சொல்ல ஒரு ஆள் நம்ம வண்டிக்குள்ளயே இருக்கார்: ஓனர்ஸ் மேனுவல். அதுல பராமரிப்பு அட்டவணை இருக்கு. நம்ம நாட்டு பெட்ரோல் கார்கள் பலதுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அப்போ ஆயில் மாத்தணும். அட்டவணையில இல்லாத வேலையைச் சொன்னால், "காரணத்தை ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. பாதி வேலை அங்கேயே காணாமல் போயிடும். "வாரன்டி போயிடும் சார்"னு பயமுறுத்தினால், வாரன்டி புத்தகத்துல எந்தப் பக்கம்னு கேளுங்க.

வெறும் காசு விஷயம்னா நான் இவ்வளவு கத்த மாட்டேன். டிரெயின் பிளக்கை சரியா முடுக்காம விட்டாலும், பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் ஒட்டிக்கிட்டு இருக்கிறதைப் பார்க்காம மேலேயே புதுசை மாட்டினாலும் ஆயில் கசியும். ஆயில் போச்சுன்னா இன்ஜின் ஜாம். நாம எப்போ சர்வீஸ் விடுறோம்? பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள்! எல்லாரும் அன்னிக்குத்தான் விடுறாங்க. உள்ளே ஒரு பையன் வண்டி வண்டியா அவசரத்துல முடிக்கிறான். அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அவனுக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான். ஆனா சென்னைக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கோலாப்பூர் தாண்டி ராத்திரி நேரத்துல சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சால், பின் சீட்டுல தூங்குறது நம்ம குழந்தைகள்.

அதனால செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே சர்வீஸை முடிங்க.

2. ஜாப் கார்டுல காலி இடத்தை அடிச்சுட்டு, "வேறு எந்த வேலையும் கேட்காமல் செய்யக் கூடாது"ன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க.

3. ஆயில் கிரேடு (0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி), எத்தனை லிட்டர், ரெண்டையும் மேனுவல்ல பார்த்து பில்லோட ஒப்பிடுங்க. சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு 3 லிட்டர் சொச்சம்தான் பெரும்பாலும் பிடிக்கும். சீல் கேனை உங்க எதிர்ல திறக்கச் சொல்லுங்க.

4. பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்க.

5. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, சமதரையில இன்ஜினை நிறுத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கைப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். அதிகமா ஊத்தினாலும் கெடுதல்தான். மறுநாள் காலையில பார்க்கிங் தரையில சொட்டு இருக்கான்னும் ஒரு பார்வை.

இதுக்கு மேலயும் ஏமாத்தினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 1915க்குப் போன் பண்ணினால் தமிழ்லயே புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணமே கிடையாது. பில்லும் ஜாப் கார்டும் கையில இருந்தால் போதும்.

"போனாப் போகுது சார், எண்ணூறு ரூபாய்தானே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. மழையில நனைஞ்சுக்கிட்டு கொத்தமல்லி விக்கிற பாட்டிகிட்ட அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கட்டுறீங்களே, ஏசி ரூம்ல மட்டும் எங்கிருந்து வருது இந்தப் பெருந்தன்மை? அது தாராள மனசு இல்லைங்க, கூச்சம். அந்தக் கூச்சத்துக்குத்தான் வருஷா வருஷம் பில் வருது.

கொசுறு: இந்தி வராதவங்களுக்கு ரெண்டே வாக்கியம். "புரானா ஃபில்டர் திகாயியே." "யே மேனுவல் மே கஹாங் லிக்கா ஹை?" கையில மேனுவலைப் பிடிச்சுக்கிட்டு சொல்லுங்க. இலக்கணம் தப்பா இருந்தாலும் வேலை நடக்கும்.