சுரம் எழுத ஆள் இருக்கு, வாசிக்க ஆள் எங்கே?

போன செமஸ்டரில் நானும் என் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மினி ப்ராஜெக்ட் செய்தோம். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு மோட்டார் மேளம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, ஒரு மணி, ஒரு ஜால்ரா. சுவிட்சைப் போட்டால் மூன்றும் சேர்ந்து அடிக்கும். நாங்கள் அதில் ஒரு மைக்ரோகன்ட்ரோலரைச் சேர்த்து, காலை பூஜைக்கும் மாலை பூஜைக்கும் தானாகவே ஓடும்படி செய்தோம். வைவாவில் நல்ல மார்க். கோயிலில் சர்க்கரைப் பொங்கல்.

முதல் நாள் ஓட்டிக் காட்டியபோது, விசேஷ நாட்களில் அங்கே தவில் வாசிக்கும் அண்ணன் வந்து நின்று பார்த்தார். "மொத்தம் எவ்ளோ ஆச்சு தம்பி?" என்றார். "பதினோராயிரம்ணே" என்றேன். "நல்லா அடிக்குது. எனக்கு இந்தக் கோயில்ல வருஷத்துக்கே அவ்ளோ வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துது.

இந்தக் கட்டுரை இளையராஜாவைப் பற்றியது. தவில் அண்ணனிடமிருந்து ஏன் தொடங்கினேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

2025 மார்ச் 8. லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் ராஜா சாரின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. சுமார் ஐந்து வாரத்தில் அவர் எழுதி முடித்த இசை. அன்றைக்கு ராத்திரி என் போனில் எல்லாருடைய ஸ்டேட்டஸும் அதுதான். "தமிழன்டா" என்று நானும் போட்டேன். செப்டம்பர் 13-ல் தமிழ்நாடு அரசு சென்னையில் பெரிய பாராட்டு விழாவே எடுத்தது. எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. பண்ணைப்புரத்துக்காரர் எழுதிய இசையை முதன்முதலில் வாசிக்க ஏன் லண்டன் ஆட்கள் வேண்டியிருந்தது?

அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கிறது.

1943-ல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்துத் திரிந்தவர். 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும், அதைத் தாளில் எழுதும் முறையும் கற்றுக்கொண்டார். 1976-ல் 'அன்னக்கிளி'. அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர் மெட்டுப் போடுபவர் மட்டும் இல்லை, எழுதுபவர் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எந்த வாத்தியம் எந்த இடத்தில் எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்று அத்தனையையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். நம்ம பாஷையில் சொன்னால் முழு சோர்ஸ் கோடு. அதை ஓட்டிப் பார்க்க வன்பொருள் வேணும் இல்லையா? அந்த வன்பொருள் மனிதர்கள்.

எழுபது, எண்பதுகளில் அந்த மனிதர்கள் சென்னையிலேயே இருந்தார்கள். பிரசாத் ஸ்டுடியோவில் வரிசையாக வயலின்காரர்கள், செல்லோ, புல்லாங்குழல், கிட்டார், தபேலா எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். காலையில் எழுதிய தாளை அன்றைக்கே காதால் கேட்டுவிடலாம். உலகத்தில் எத்தனை இசையமைப்பாளர்களுக்கு அப்படி ஒரு வசதி கிடைத்திருக்கும்? 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' அந்தச் சூழலில் பிறந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக அவர் செய்த ஆல்பம். அதில் தனி வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்தான்.

பிறகு நம்ம துறை உள்ளே வந்தது. வயலினின் ஒவ்வொரு சுரத்தையும் ஒருமுறை பதிவு செய்து கீபோர்டில் ஏற்றிவிட்டால், அப்புறம் ஒரே ஆள் இருபது வயலின் வாசிக்கலாம். தயாரிப்பாளருக்குச் செலவு மிச்சம். ராஜாவே 1986-ல் 'புன்னகை மன்னன்' இசைக்குக் கணினியைப் பயன்படுத்தியவர்தான், அதனால் தொழில்நுட்பத்தை நான் திட்டவில்லை. ஆனால் சினிமா ஒன்றை மட்டுமே நம்பி இருந்த அந்த வயலின்காரர்களுக்கு வேலை குறைந்தபோது, தாங்கிப் பிடிக்க நம்மிடம் வேறு எந்த அமைப்பும் இல்லை. பிள்ளைகளை அவர்கள் வேறு வேலைக்குப் படிக்க வைத்திருப்பார்கள். யாருக்குத் தெரியும், நம்ம மாதிரி ஒரு இன்ஜினியரிங் காலேஜிலேயே இருக்கலாம்.

ராஜாவின் பெரிய படைப்புகள் எங்கே ஒலித்தன என்று பாருங்கள். 1993-ல் முதல் சிம்பொனி, லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பதிவானது. அது இன்றுவரை வெளியாகவில்லை. 2005-ல் திருவாசகம், ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. 2025-ல் மறுபடியும் லண்டன்.

இதில் திருவாசகம்தான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. அதில் உள்ள திருவெம்பாவையை மாணிக்கவாசகர் நம்ம அண்ணாமலையில் வைத்துப் பாடினார் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலே இருக்கு. ராஜாவும் நம்ம ஊருக்கு அந்நியர் இல்லை. ரமணரின் பக்தர், 'ரமண மாலை' பாடியவர். பாட்டு நம்முடையது, இசை எழுதியவர் நம்மவர், வாசித்தது புடாபெஸ்ட்.

இந்த இடத்தில் டென்மார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே பேர் நோர்கோ என்று ஒரு இசையமைப்பாளர் இருந்தார். 1932-ல் பிறந்து, 2025 மே மாதம் மறைந்தவர். எட்டு சிம்பொனிகள் எழுதியவர். நமக்குப் பிடிக்கிற ஆள். ஏனென்றால் அவர் ஒரு எண் தொடரைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இசை செய்தார். தொடர் இப்படிப் போகும்: 0, 1, −1, 2, 1, 0, −2, 3… விதி ரொம்பச் சின்னது. 0-இல் தொடங்க வேண்டும். n-ஆம் எண்ணின் குறியை மாற்றினால் 2n-ஆம் எண். n-ஆம் எண்ணோடு 1 கூட்டினால் 2n+1-ஆம் எண். ஒவ்வொரு எண்ணும் ஒரு சுரம். ரிகர்ஷன் தெரிந்த யாரும் பத்து வரியில் எழுதிவிடலாம்.

ஆனால் எண்களை அச்சிடுவது வேறு, அது இசையாவது வேறு. இந்தத் தொடரின் மேல் எழுப்பிய அவருடைய மூன்றாவது சிம்பொனியை 1976-ல் கோபன்ஹேகனில் முதன்முதலில் வாசித்தது அந்த நாட்டு வானொலியின் சொந்த இசைக்குழு. நம்ம 'அன்னக்கிளி' வந்த அதே வருஷம். டென்மார்க்கின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். 2011 கணக்குப்படி நம்ம திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 24 லட்சத்துக்கு மேல். அதாவது நம்ம மாவட்டம் மாதிரி இரண்டரை சேர்ந்தால் ஒரு டென்மார்க். அங்கே வானொலிக் குழு போக, பொதுப்பணத்தில் நடக்கும் வட்டார சிம்பொனி இசைக்குழுக்கள் ஐந்து. இந்தியாவில் முழுநேர சிம்பொனி இசைக்குழு என்றால் மும்பையில் 2006-ல் தொடங்கிய ஒன்றைத்தான் சொல்ல முடிகிறது. ஏழு கோடிப் பேருக்கு மேல் இருக்கும் தமிழ்நாட்டில் அரசு நடத்தும் சிம்பொனி இசைக்குழு ஒன்றுகூட இல்லை.

நோர்கோ பெரியவரா, ராஜா பெரியவரா என்பது இல்லை என் பேச்சு. நோர்கோ எழுதினால் பக்கத்துத் தெருவில் வாசிக்க ஆள் இருந்தது. ராஜா எழுதினால் விமானம் ஏற வேண்டியிருந்தது. அவர் பெயரும் புகழும் இருப்பதால் ஏறினார். நாளைக்கு செங்கத்திலோ போளூரிலோ ஒரு பெண் சிம்பொனி எழுதினால் அவள் என்ன செய்வாள்?

"மேற்கத்திய இசைக்கு எதுக்குடா அரசுப் பணம், நம்ம இசையைப் பாருங்க" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் கேட்கும் இசைக்குழுவில் வயலினுக்குப் பக்கத்தில் நாதசுரமும் தவிலும் உட்காரட்டும். நம்ம ஊர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். மூன்று வருஷம் படித்து வெளியே வரும் பிள்ளைக்கு மாதச் சம்பளத்தில் வாசிக்க ஓர் இடம் வேண்டும். முன்பு அந்த இடத்தைக் கோயில் கொடுத்தது. மானியம், முறை, மரியாதை எல்லாம் இருந்தது. அதனால்தான் அந்த வாசிப்பு இத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கு. டென்மார்க் அரசு இன்றைக்குச் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

"ஏஐ எல்லாத்தையும் வாசிச்சிடும் மச்சி" என்றான் என் ரூம்மேட். வாசிக்கும். எங்க மோட்டார் மேளமும் வாசிக்குது. ஆனால் தீபாராதனை கொஞ்சம் நீண்டால் அதற்குத் தெரியாது, டைமர் முடிந்ததும் நின்றுவிடும். தவில் அண்ணன் குருக்களின் கையைப் பார்த்து வாசிப்பார்.

ஐஐடி மெட்ராஸில் 2024-ல் ராஜா பெயரில் இசை கற்றல், ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆராய்ச்சி ஐஐடியில் நடக்கட்டும், நம்மால் முடிந்ததை நாமும் செய்யலாம். கல்ச்சுரல்ஸுக்கு டிஜே கொண்டுவரும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, இசைப்பள்ளி மாணவர்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் நம்ம ஆடிட்டோரியத்தில் வாசிக்கச் சொல்லலாம். சாப்பாடு போட்டு அனுப்புவதோடு நிறுத்தாமல், டிஜேவுக்குத் தருவது மாதிரி பேசிய தொகையைக் கையில் கொடுக்க வேண்டும்.

எங்கள் மோட்டார் மேளம் இன்னும் ஓடுகிறது. கழற்றவில்லை. தினமும் இரண்டு வேளை வர அந்த அண்ணனால் முடியாது. ஆனால் சதுர்த்தி அன்றைக்கு மட்டும் சுவிட்சை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டோம். எங்கள் தெருவிலும் ஹாஸ்டலிலுமாக நாற்பது பேர் ஆளுக்கு மாதம் முப்பது ரூபாய் போடுகிறோம். ஆயிரத்து இருநூறு ரூபாய். இப்போதைக்கு மூன்று சதுர்த்தி முடிந்திருக்கு. இந்த மாதம் இன்னும் ஆறு பேர் பணம் தரவில்லை. படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும், ஜிபே பண்ணிடுங்க.